எழுபத்தஞ்சு செகண்டு வீரம்

ஏலே பேராண்டி, இந்த வருசமும் கிளைடர் போட்டிக்குப் பேர் குடுத்துட்டியாமே. உங்கம்மா போன்ல சொன்னா. பாதி பெருமையாச் சொன்னா, மீதியை மூக்கை உறிஞ்சிக்கிட்டே சொன்னா. "நீங்களாவது ரெண்டு வார்த்தை சொல்லுங்கப்பா, ஒங்க பேச்சைக் கேப்பான்"னா. என் பேச்சை நம்ம வீட்டுல ஆடு மாடுகூடக் கேட்டதில்ல. இருந்தாலும் மக கேட்டுட்டா, சொல்லுதேன்.

ஒன்னைப் பத்தி எனக்குக் கவலை கிடையாது. தப்பா நினைக்காத. நீ பாரஷூட்டை முதுகுல மாட்டிக்கிடுத. வாரைப் போட்டு ஒடம்பை சீட்டோட இறுக்கிக்கிடுத. பக்கத்துல இன்னொரு கிளைடர் வந்தா கத்துறதுக்கு ஃபிளார்ம்னு ஒரு பெட்டி வச்சிருக்க. சுவிட்சர்லாந்துக்காரன் செஞ்சது, 2004ல வந்ததுன்னு நீதான் சொன்ன. இன்சூரன்சும் கட்டியிருக்க. எல்லாத்துக்கும் மேல, நீயா ஆசைப்பட்டு மேல போற. விழுந்தா ஒன் ஆசைக்கு நீ விழுந்தேன்னு அழுதுட்டு ஆகவேண்டியதைப் பாப்போம்.

என் கவலை வேற ஒரு ஆளைப் பத்தி. பேரு எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது. மைதானத்து வேலி ஓரமா நிக்கான். கையில கேமராவோ, நாய்ச்சங்கிலியோ, புள்ளைக்கு வாங்குன ஐஸ்கிரீமோ வச்சிருக்கான். அவனுக்குப் பாரஷூட் கிடையாது. ஒன் ஃபிளார்ம் பெட்டி அவனைப் பாத்துக் கத்தாது. போட்டிப் படிவத்துல அவன் கையெழுத்து இல்ல. அவன் சார்பாத்தான் இன்னைக்கு வாயைத் தொறக்கேன்.

புத்தி சொன்னா நீ கேக்கமாட்ட. உங்கப்பன் கேட்டானா, நீ கேக்க? அதனால வீரனாகிறதுக்கு வழி சொல்லித்தாரேன், கேட்டுக்கோ.

300 கிலோமீட்டர் சுத்திட்டு வீட்டுப் பக்கமா வார. கடைசியா ஒரு தெர்மல், அதான் மேல எழும்புற சூட்டுக்காத்து, கிடைக்கு. அதுல வட்டமடிச்சு ஏறுத. எவ்வளவு ஏறணும், எப்போ கெளம்பணும், எவ்வளவு வேகத்துல போவணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். இந்தக் கணக்குக்கு ஆதி குரு பால் மெக்ரெடி. அமெரிக்காக்காரர். 1956ல பிரான்சுல நடந்த உலகப் போட்டியில ஜெயிச்சவர். பின்னால, மனுசன் காலால மிதிச்சே பறக்கிற விமானத்தைச் செஞ்சு, 1979ல இங்கிலீஷ் கால்வாயைத் தாண்ட வச்ச மூளைக்காரர். அவர் கணக்குப்படி, ஃபினிஷ் கோட்டைத் தாண்டும்போது கையில மிச்சமிருக்கிற ஒசரம் பூராவும் நட்டம். ஏறுறதுக்கு நேரத்தைச் செலவழிச்சாச்சு, அதை வேகமா மாத்தாமக் கொண்டுவந்து என்ன பிரயோசனம்? ஆக, கையிருப்பைத் துடைச்சு எடுத்துட்டு வந்து சேருறவன்தான் கெட்டிக்காரன்.

கணக்குல பிழை கிடையாது. வேலி ஓரத்து ஆளு அந்தக் கணக்குல இல்ல, அவ்வளவுதான்.

சரி, வீரன் இப்போ என்ன செய்யணும்? மூக்கைத் தாழ்த்தி, 250 கிலோமீட்டர் வேகத்துல வேலி மரத்தை உரசிக்கிட்டு வரணும். றெக்கைக்குள்ள ரொப்பி வச்சிருக்கிற தண்ணியைத் தொறந்து விடணும். பின்னால வெள்ளை வெளேர்னு புகை மாதிரி நீளும், படத்துக்கு எடுப்பா இருக்கும். கோட்டைத் தாண்டுனதும் மூக்கைத் தூக்கணும். அத்தனை வேகமும் ஒசரமா மாறி, காகிதக் கணக்குல 200 மீட்டர் கிட்ட மேல ஏறிருவ. அங்கன ஒரு சுத்து சுத்தி, சக்கரத்தை எறக்கி, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து தரையில உக்காரணும். மைக்குல ஒருத்தர் ஒன் பேரைச் சொல்லுவார். கூட்டம் வாயைப் பொளக்கும். வீரன் ரெடி.

நான் வெறும் சம்சாரி, எனக்கு ஒண்ணும் தெரியாது. கூட்டல் கழித்தல் மட்டும் தெரியும். 150 மீட்டர் ஒசரத்தைக் கையில வச்சுக்கிட்டு கோட்டைத் தாண்டுனா ஒனக்கு எவ்வளவு நட்டம்? செகண்டுக்கு 2 மீட்டர் தூக்குற தெர்மல்னு வச்சுக்கோ. 150 மீட்டர் ஏற 75 செகண்டு. மூணு மணி நேரம் பறந்தவனுக்கு 75 செகண்டு! நம்ம ஊருல ஒருத்தன் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவி மடிச்சு வாயில போடுறதுக்கு ஆகுற நேரம். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் ஒரு ஆளு தலை ஒசரத்துக்கு வந்து நிக்கீக. கஞ்சத்தனத்துல நான் பெரிய ஆளுன்னு உங்க பாட்டி சொல்லுவா. அவ ஒங்களைப் பாத்ததில்ல.

இப்போ வேலி ஓரத்துக்கு வா. நீ காக்பிட்ல சாய்ஞ்சு படுத்த மாதிரிக் கிடக்க. மூக்குக்குக் கீழ முன்னால இருக்கிறது ஒனக்குத் தெரியாது. எதிர்த்தாப்புல நிக்கிறவனுக்கு நீ எப்படித் தெரியுவேன்னு என்னைக்காவது இறங்கி நின்னு பாத்திருக்கியா? நான் பாத்திருக்கேன். பக்கவாட்டுல பாத்தா அம்மாடி, எவ்வளவு நீளம். நேரெதிரே பாத்தா ஒரு புள்ளி, புள்ளிக்கு ரெண்டு பக்கமும் ஒரு கோடு. அந்தக் கோடு 15 மீட்டரோ 18 மீட்டரோ நீளம்னு கண்ணு நம்பாது. ரொம்ப நேரம் அப்படியே நிக்கிற மாதிரி இருக்கும். பெறகு திடீர்னு பெருசாகும். 250 கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு 70 மீட்டர். அந்த மனுசன் "ஏதோ வருதே"ன்னு நினைச்சு, எந்தப் பக்கம் ஒதுங்கன்னு யோசிக்க ரெண்டு செகண்டு ஆனா, நீ 140 மீட்டர் தாண்டிட்ட.

சத்தமும் கிடையாது பாரு. மோட்டார் விமானம்னா ஒரு மைலுக்கு முன்னாலயே ஊரைக் கூட்டும். ஒன் வண்டி "உஸ்ஸ்"னு ஒரு சத்தம் போடும், அதுவும் தலையைத் தாண்டுன பெறகு. வாரது 500 கிலோ. நாய்கூட கடிக்கிறதுக்கு முன்னால உறுமும்.

இன்னொண்ணு. நீ நடுவுல உக்காந்திருக்க, றெக்கை நுனி ஒன்கிட்டருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கு. கொஞ்சம் சாய்ச்சுத் திரும்புனியானா, 30 டிகிரி சாய்ச்சா போதும், அந்தப் பக்கத்து நுனி ஒன்னைவிட நாலரை மீட்டர் தாழப் போயிரும். "நான் ஒசரமாத்தான் இருந்தேன்"னு நீ சத்தியம் பண்ணுவ. நீ இருந்த, நுனி இல்ல.

"ஏன் தாத்தா சும்மா பயமுறுத்துதீக, நாங்க எத்தனை வருசமா பறக்கோம்"ங்க. சரி, இங்கிலாந்துல நீ இருக்கிற லெஸ்டர்ஷயர்லயே ஹஸ்பண்ட்ஸ் போஸ்வொர்த்னு ஒரு மைதானம் இருக்குல்ல. 2005 ஆகஸ்டு மாசம் அங்க போட்டி. ஃபினிஷுக்குத் தாழ வந்த ஒரு கிளைடர், படம் எடுக்க நின்ன ஒரு மனுசரை அடிச்சிருச்சு. அவர் போய்ச் சேந்துட்டார். அவரும் பறக்கிறதை ரசிச்சவர்தான், ஒங்களை விரும்பித்தான் கேமராவோட நின்னார். ஒங்க நாட்டு விபத்து விசாரணைக்காரங்க வந்து அளந்து எழுதி வச்சிருக்காக. அதைப் படிச்சியான்னு நான் கேக்கமாட்டேன். படிச்சிருந்தா போன வருசம் அந்த வேலி மேல அப்படி வந்திருக்கமாட்ட.

மோட்டார் விமானக்காரங்க இந்தப் பாடத்தை இன்னும் பெரிய விலை குடுத்துப் படிச்சாக. 1952 செப்டம்பர்ல ஃபார்ன்பரோ கண்காட்சியில ஒரு ஜெட் வானத்துலயே ஒடைஞ்சு கூட்டத்துல விழுந்துச்சு. உள்ள இருந்த ரெண்டு பேரோட சேத்து 31 பேர் போனாக. அதுக்கப்புறம்தான் கூட்டத்துக்கு நேரா மூக்கை நீட்டி வரக்கூடாதுன்னு கறாரா எழுதுனாக. எழுதி அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, 2015 ஆகஸ்டுல ஷோராம்ல என்ன நடந்துச்சு? பழைய ஹண்டர் ஜெட் ஒண்ணு கரணம் போட்டு முடிக்க முடியாம ஏ27 ரோட்டுல விழுந்து 11 பேர் செத்தாக. டிக்கெட் வாங்கி உள்ள உக்காந்த கூட்டத்துல ஒருத்தருக்கும் உயிர் போகல. செத்தவங்க பூராவும் மைதானத்துக்கு வெளியில இருந்தவங்க. உள்ள இருக்கிறவனுக்குக் கயிறு கட்டியிருந்தாக, காவலுக்கு ஆள் போட்டிருந்தாக. வெளிய இருக்கிறவனுக்கு யார் போட்டா?

இது எங்களுக்குப் புதுசில்ல. ஜல்லிக்கட்டுல எல்லாரும் வாடிவாசலைத்தான் பாப்பாக. மாடு பிடிக்கிறவனுக்கு டாக்டர் சர்டிபிகேட், நம்பர் போட்ட சட்டை, தேங்காய்நார் பரப்புன தரை. பாக்குறவனுக்கு கேலரி, ரெட்டைத் தடுப்பு. ஆனா குத்துப்பட்டு ஆசுபத்திரிக்குப் போறதுல பல பேரு யாரு? காளை எல்லாரையும் தாண்டி வெளிய ஓடி, மாட்டைச் சேகரிக்கிற இடத்துக்கு வருது பாரு, அங்கன வேடிக்கை பாத்தவனும், மாட்டுக்காரனும், டீ குடிக்க ஒதுங்குனவனும். மாடுபிடி முடிஞ்சுபோச்சுன்னு எல்லாரும் நினைக்கிற இடம் அது. காளைக்கு முடிஞ்சதுன்னு தெரியாது. ஒங்க ஃபினிஷ் கோடும் அதே சங்கதிதான். காளைக்காவது புத்தி கிடையாது, விட்டுரலாம்.

ஒங்க நாட்டுச் சட்டத்துல ஒரு விதி உண்டுல்ல? ஆளு, வண்டி, படகு, கட்டடம் எதுக்கும் 500 அடிக்குள்ள போவக்கூடாது. நல்ல விதி. அதுல விலக்கும் உண்டு: ஏறும்போதும் எறங்கும்போதும் அது பொருந்தாது. அதுவும் நியாயம், தரையை நெருங்காம எவன் எறங்குவான்? ஆனா அந்த விலக்குக்குள்ள போயி எத்தனை பேரு ஒளிஞ்சுக்கிடுதீக! "நான் எறங்கிட்டுல்ல இருந்தேன்"னு ஒருத்தன் என்கிட்டயே சொன்னான். தம்பி, எறங்குறவன் 100 கிலோமீட்டர் வேகத்துல சக்கரத்தை நீட்டிக்கிட்டு வருவான். நீ 250ல, சக்கரத்தை மடிச்சு வச்சுக்கிட்டு, கோட்டைத் தாண்டுனதும் வானத்தைப் பாத்து ஏறுன. இதுக்கு எறங்குறதுன்னு பேருன்னா, எங்க ஊரு திருடன் வீட்டுக்குள்ள வந்ததுக்கு விருந்துன்னு பேரு.

இனி நியாயமா பேசுவோம். ஒங்க ஆளுகளும் சும்மா இருக்கல. உலகப் போட்டி விதியில, மைதானத்தைச் சுத்தி பெரிய வட்டம் போட்டு, அந்த வட்டத்தைத் தொட்டாலே ஃபினிஷ்னு வச்சிருக்காக. அதுக்குக் குறைஞ்சபட்ச ஒசரம் ஒண்ணும் குறிக்கலாம். அதுக்குக் கீழ வந்தா மார்க்கு குறையும். அமெரிக்காவுலயும் இந்த வட்டம் வந்துருச்சு. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கவனிச்சியா? ஒருத்தன் மட்டும் 150 மீட்டர் மிச்சம் வச்சு வந்தா அவனுக்கு 75 செகண்டு நட்டம். எல்லாரும் வச்சு வந்தா? ஒருத்தனுக்கும் நட்டம் இல்ல! எல்லாருக்கும் அதே 75. மெக்ரெடி கணக்கு அப்படியே இருக்கும், தரையை மட்டும் 150 மீட்டர் தூக்கி வச்சாச்சு. வேலி ஓரத்து மனுசன் பிழைச்சான், ஒன் கெட்டிக்காரத்தனத்துக்கும் பங்கம் இல்ல. இதுக்குப் போயி பெருசுங்க சில பேரு, "பழைய கோட்டு ஃபினிஷ்லதான்டா அழகு"ன்னு பெருமூச்சு விடுறதைப் பாத்தேன். அழகுதான். அந்த அழகைத் தள்ளி நின்னு பாத்தவங்க சொல்லுறாக, அடிபட்டவங்க யாரும் சொல்லக் காணோம்.

வட்டத்துக்கு எதிரா அவுக சொல்லுறதுல ஒரு நியாயமும் இருக்கு, மறைக்கமாட்டேன். வட்டத்து விளிம்புல வந்ததும் பைலட்டு வெளிய பாக்காம ஒசரமானியைப் பாக்கான். 10 மீட்டர் குறையுதுன்னு தெரிஞ்சா, சுண்டி இழுத்து மேல ஏத்துதான். வேகம் செத்துப்போவுது, பின்னால வாரவன் தடுமாறுதான். நெசந்தான். அதுக்கு மருந்து விதியைத் தூக்கி எறியறது இல்ல, அபராதத்தைச் சரிவா வைக்கிறது. 10 மீட்டர் குறைஞ்சா கொஞ்சம் மார்க்கு போவும், 50 குறைஞ்சா நெறைய மார்க்கு போவும். ஒரு மீட்டர் குறைஞ்சதுக்கே நீ வந்து சேரலன்னு சொல்லிட்டா, அந்த ஒரு மீட்டருக்காக அவன் கழுத்தை முறிச்சுக்கிடுவான். அதே மாதிரி, நெசமாவே ஒசரம் தீந்து போயி வாரவன் நேரா வந்து எறங்கிக்கிடட்டும், அவனைத் திட்டாதீக. அவன் எறங்குற பாதையில புள்ளைகுட்டியும் காரும் குறுக்க போகாமப் பாத்துக்கிடுறது போட்டி நடத்துறவுக வேலை. ஃபினிஷ் பண்ணுறவன் கேரவன்கள் நிக்கிற பக்கமா வரவேண்டியிருக்குன்னா, தப்பு பறக்கிறவன்மேல மட்டும் இல்ல, கோட்டை அங்க கிழிச்சவர்மேலயும்தான். அவர் பேனாவால பறக்கார், அவருக்கு எதுவும் இடிக்காது.

ஒங்க ஆட்டத்துல நான் கையெடுத்துக் கும்பிட்ட விசயம் ஒண்ணு உண்டு. அது ஃபினிஷ்ல இல்ல, கெளம்புற இடத்துல.

ஒங்க வீட்டுல வந்து தங்கியிருந்தப்போ, லான்ச் பண்ணுற இடத்துல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா? கம்பியைச் சுத்தி வண்டியை இழுக்கிற விஞ்சு மெசினு ஒரு கிலோமீட்டருக்கு அங்கிட்டு. கம்பி இங்கன புல்லுல கிடக்கு. ஒரு பொடிப்பிள்ள, பதினாலு வயசு இருக்கும், றெக்கை நுனியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கம்பியை மாட்டுனாக. அந்தப் புள்ள முதல்ல மேல பாத்தா, பெறகு கழுத்தைத் திருப்பிப் பின்னால பாத்தா, பெறகுதான் மேலயும் பின்னாலயும் யாரும் இல்லன்னு சத்தமாச் சொன்னா. அவ கை கீழ ஆட, கம்பி நெளிவு போயி இறுகுச்சு. அந்த நேரம் பாத்து, நாற்காலிகிட்ட டீ ஊத்திக்கிட்டிருந்த ஒரு அம்மா "ஸ்டாப்"னு ஒரு சத்தம். தூரத்துல, கம்பி போற பாதையில ஒரு மனுசன் நாயைக் கூட்டிட்டுப் போறார். ஒடனே ரெண்டு மூணு பேரு கையை நேரா மேல தூக்கி நின்னாக. கம்பி தளந்து புல்லுல விழுந்துச்சு. யாரும் அந்த அம்மாவைப் பாத்து "நீ யாரு, ஒனக்கு என்ன தெரியும்"னு கேக்கல. "நாய் ஓரமாத்தானே போச்சு"ன்னு முணுமுணுக்கல. உள்ள உக்காந்திருந்த பைலட்டு கம்பியைக் கழட்டிவிட்டுட்டுப் பேசாம இருந்தான். யாரு வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம், சொன்னா நிறுத்தணும்னு நீ பெறகு விளக்குன.

அதைக் கேட்டதுலருந்து எனக்கு ஒரு சந்தேகம். நாலு செகண்டுல மேல ஏறப்போற வண்டியை டீ ஊத்துற அம்மா நிறுத்தலாம். மணி நேரக்கணக்காப் பறந்துட்டு வேகமா வந்து தலைமேல பாயப்போறவனை நிறுத்த யாருக்கு வாய் இருக்கு? கெளம்பும்போது அத்தனை பயபக்தி, வந்து சேரும்போது காலி. ரேடியோ இருக்கு, ஃபினிஷ் பக்கம் ஆளும் இருக்காக. அதுல ஒருத்தரை வேலியைப் பாக்க மட்டும் நிறுத்துங்க. ஆளு உள்ள வந்துட்டா, "தாழ வராத, ஒசரமாப் போ"ன்னு அவர் சொல்லட்டும். சொன்னதைக் கேட்டு ஒசரமாப் போனவனுக்கு மார்க்கு குறையாதுன்னு எழுதி வைங்க. ஒரு வரி போதும். நீங்க எழுதுற விதிப் புத்தகத்து மொத்தத்துக்கு அந்த ஒரு வரி பாரமா என்ன?

வயல்ல எறங்குற கதையையும் சொல்லிருதேன். காத்து கைவிட்டா எங்கயாவது எறங்கித்தான் ஆகணும், அது குத்தம் இல்ல. ஆகஸ்டுல அறுத்த தாள் நிலம் இருக்கும், அதைப் பாத்து எறங்கு. விளைஞ்சு நிக்கிற பார்லியில எறங்குனா வண்டியும் போச்சு, அந்த சம்சாரியோட வயித்தெரிச்சலும் சேந்துச்சு. எங்க சாதிக்காரன் அவன், சம்சாரி சாதி, சும்மா விடமாட்டேன். 1000 அடி வரும்போது நிலத்தைத் தீர்மானிச்சிருக்கணும்னு ஒங்க வாத்தியார் சொன்னார்ல. இன்னும் ஒரு தெர்மல் கிடைச்சிராதான்னு 400 அடி வரைக்கும் நப்பாசைப்படுறவன், கடைசியில நிலத்தைப் பாக்கமாட்டான், நிலத்துல நிக்கிறவனை எங்க பாக்கப்போறான்? ஒங்க ஊருல வயலுக்கு நடுவுலயே ஊர்ப் பொதுப்பாதை போவுது. அதுல வாரத்துக்கு ஏழு நாளும் நாயோட ஒரு பாட்டி நடப்பா. மின்கம்பியும் மாடும் தெரியுதான்னு பாக்குறவன், அந்தப் பாட்டியையும் பாத்துக்கோ. எறங்குன பெறகு தெறந்த கேட்டைச் சாத்திட்டு, நெலத்துக்காரரைத் தேடிப் போயி நீயே முதல்ல பேசு. நீ எத்தனாவது ரேங்க்குன்னு அவர் கேக்கமாட்டார்.

ஒன்னை மட்டும் திட்டுறேன்னு நினைக்காத, வேடிக்கை பாக்குறவங்களுக்கும் ரெண்டு வச்சிருக்கேன். படம் பிடிக்கிற மகராசன்களே, வேலிக்கு மேல ஏறி, ஒத்தைக்கண்ணை மூடி, நீளக் குழாய்க்குள்ள பாத்துக்கிட்டு நிக்கீகளே, குழாய்க்குள்ள கிட்டத்துல இருக்கிறது தூரத்துல இருக்கிறதுன்னு ஒண்ணும் விளங்காது. படம் பிடிக்கணும்னா கோட்டுக்கு நேரா நிக்காதீக, பக்கவாட்டுல தள்ளி நில்லுங்க. றெக்கையோட நீளமும் அங்கருந்துதான் தெரியும். கூட ஒருத்தரை வெறுங்கண்ணால பாக்க நிறுத்திக்கிடுங்க. நடத்துறவுக இங்கன நிக்காதன்னு சொன்னா, அதுக்கு அங்கிட்டு மரத்தடியில இடம் இருக்கான்னு பாக்காதீக. மைக் வச்சிருக்கிறவரே, தாழ வந்தவன் பேரை மட்டும் எக்காளம் போட்டுச் சொல்லாதீரும். ஒசரமா வந்து மரியாதையா எறங்குனவன் பேரையும் அதே சத்தத்துல சொல்லும். ஒங்க எல்லாரோட கைதட்டுதான் அந்த வண்டிக்கு பெட்ரோல். மோட்டார் இல்லன்னு நினைச்சீகளோ?

"இன்சூரன்சு இருக்கே தாத்தா"ங்க. இருக்கு. மூணாவது ஆளுக்கு இழப்பீடு கட்டாயம்னு ஐரோப்பாவுல சட்டமே போட்டாக, 2005லருந்து நடப்புல இருக்கு. சின்ன வண்டிக்கே லட்சக்கணக்குல காப்பீடு எடுக்கணும். நல்ல சட்டம். அது வேலி ஓரத்து மனுசனோட பொண்டாட்டிக்குச் செக்கு எழுதித் தரும். அந்தச் செக்கை அவ என்ன பண்ணுவான்னு நான் யோசிச்சுப் பாத்தேன். ஒனக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும், 75 செகண்டு மிச்சம் பிடிச்சிருக்கல்ல.

சரி, நீட்டிட்டேன். எனக்கு என்ன தெரியும், பறக்கிறதுன்னா கொக்கையும் காக்காயையும் பாத்தவன். இருந்தாலும் ஒரு பந்தயம் கட்டுவோம். இந்த ஆகஸ்டுக்கு நானும் வாரேன், விசா வாங்கியாச்சு. நீ ஒசரமா வந்து, சுத்தி, சக்கரத்தை எறக்கி, மெதுவா எறங்கு. கடைசி ஆளா வந்தாலும் பரவாயில்ல, உங்க பாட்டி குடுத்துவிட்ட கருப்பட்டி மிட்டாயை ஒனக்கு மட்டும் முழுசாத் தருவேன். வேலி மரத்தை உரசிக்கிட்டு வந்து முதல் பரிசே வாங்குனாலும் சரி, நான் கைதட்டமாட்டேன். நேரா மைக்குக்காரர்கிட்ட போயி, "இந்தப் பய யாருன்னு எனக்குத் தெரியாது, எங்க குடும்பத்துல இப்படி ஒரு ஆளு கிடையாது"ன்னு சொல்லிட்டு வருவேன். தமிழ்லதான் சொல்லுவேன். இங்கிலீசுல எடுத்துச் சொல்ல உங்கம்மா ரெடியா இருக்கா.